நிளூ புலே: பண்ணை அதிகாரத்திற்கு முகம் தந்த தோட்டக்காரர்

மராத்தி நாடக, திரைப்பட நடிகர் நிளூ புலே 2009 ஜூலை 13 அன்று புனே நகரில் உணவுக்குழாய்ப் புற்றுநோயால் மறைந்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் மேடையிலும் திரையிலும் இயங்கி, மராத்தியிலும் இந்தியிலும் 200க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர் அவர். அவற்றுள் மிகப் பெரும்பான்மையானவற்றில் ஊர்ப் பாட்டீலாகவும், சர்க்கரை ஆலைத் தலைவராகவும், கூட்டுறவுச் சங்க முதலாளியாகவும், வஞ்சக அரசியல்வாதியாகவும் தோன்றினார். கதாநாயகனாக அவரைக் கொண்டாடியவர்கள் குறைவு. வில்லனாக அவரை அஞ்சியவர்களே மிகுதி.

தமிழ் வாசகர்களுக்கு இப்பெயர் அவ்வளவாகப் பழக்கமில்லை. எனினும் சாதி அதிகாரம் திரையில் எவ்வாறு உருவம் பெறுகிறது, யார் அதற்கு உருவம் கொடுக்கிறார்கள், அந்த உருவத்தின் நிழலில் யார் மறைந்துபோகிறார்கள் என்ற வினாக்களை ஆராய விரும்புவோர்க்கு நிளூ புலேயின் கலை வாழ்வு முதன்மையான சான்று. அதனை வரிசையாகத் தொகுத்து, நம் நோக்கில் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோட்டப் பணியும் சேவா தளமும்

நீல்கண்ட கிருஷ்ணாஜி புலே என்பது அவரது முழுப்பெயர். 1930ஆம் ஆண்டளவில் பிறந்தவர். அவர் பிறந்த மாலி சமூகம், பூவும் காயும் பயிரிடுவதைத் தொழிலாகக் கொண்டது. மகாத்மா ஜோதிராவ் புலே பிறந்ததும் அதே சமூகத்தில்தான். பேஷ்வாக்களின் காலத்தில் பூ வழங்கும் தொழிலால் ஏற்பட்ட பெயரே 'புலே'. சூத்திரர் என்று இழிவுபடுத்தப்பட்டோரும் தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்டோரும் ஓரணியில் நிற்க வேண்டும் என்ற சத்தியசோதக மரபின் அடையாளமாக அப்பெயர் பின்னர் மாறியது.

வறுமை சூழ்ந்த குடும்பம் அது. இளமையிலேயே புனேயில் உள்ள படைத்துறை மருத்துவக் கல்லூரியில் தோட்டக்காரராக வேலைக்குச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 80 ரூபாய். அதிலிருந்து 10 ரூபாயை ராஷ்ட்ர சேவா தளத்திற்குக் கொடுத்து வந்தார் என்று அவரது வாழ்க்கைக் குறிப்புகள் தெரிவிக்கின்றன. சொந்தமாக ஒரு நாற்றுப்பண்ணை தொடங்க விரும்பியும் பணமின்மையால் அது கைகூடவில்லை.

1941இல் உருப்பெற்ற ராஷ்ட்ர சேவா தளம் மராட்டியச் சோசலிஸ்டுகளின் இளைஞர் அமைப்பு. சாதி ஒழிப்பு, மதநல்லிணக்கம், உழைப்பின் மதிப்பு ஆகியவற்றை ஊர் ஊராகக் கொண்டு செல்வதற்கு அது 'கலாபதக்' எனும் கலைக்குழுவை நடத்தியது. நிளூ புலேயின் நடிப்புப் பள்ளி அதுவே. நடிப்புக் கல்லூரியோ பெருநிறுவன நாடகக் குழுவோ அவருக்குப் பயிற்சி அளிக்கவில்லை. திறந்த வெளியில், விளக்கொளி போதாத இடத்தில், களைத்து வந்து அமர்ந்திருக்கும் உழைப்பாளிகளை விழித்திருக்கச் செய்யும் நடிப்பு அங்கேதான் அவருக்குக் கைவந்தது.

தமாஷா யாருடைய கலை?

நிளூ புலேயின் தொழில்முறை நுழைவு 'கதா அக்லேச்யா காந்த்யாசி' என்னும் லோகநாட்டியத்தின் வழியே நிகழ்ந்தது. லோகநாட்டியம் என்பது தமாஷாவின் வடிவத்தை எடுத்துக்கொண்டு நகர அரங்கிற்கு ஏற்ப அமைக்கப்பட்ட நாடகம். இவ்விடத்தில் சற்று நின்று தமாஷாவின் சாதி வரலாற்றை நோக்குதல் தேவையாகிறது.

தமாஷா, மகர், மாங், கோல்ஹாட்டி சமூகங்களின் உடலுழைப்பில் வளர்ந்த கலை. அதன் 'வக்' எனப்படும் நாடகப் பகுதியில் 'சோங்காட்யா' என்ற கோமாளி அரசனையும் கொத்தவாலையும் ஊர்த்தலைவனையும் நேருக்கு நேர் எள்ளி நகையாடுவான். பகலில் நிமிர்ந்து பேச உரிமை மறுக்கப்பட்டவன் இரவு மேடையில் அதிகாரத்தின் நடையையும் பேச்சையும் கிழித்துக் காட்டும் கலை அது. அதே கலைக்குள் தலித் பெண்களின் உடல் ஆதிக்கச் சாதி ஆண்களின் நுகர்பொருளாக்கப்பட்டது என்பதும் மறுக்க இயலாத உண்மை. பார்ப்பனராகப் பிறந்து தமாஷாக் கலைஞரான பட்டே பாபுராவ், மகாட் போராட்டத்திற்கு நிதி அளிக்க முன்வந்தபோது, மகர் பெண்களை ஆடவிட்டு ஈட்டிய பணம் வேண்டாம் என அண்ணல் அம்பேத்கர் மறுத்ததாகக் கூறப்படும் செய்தி இவ்விரட்டைத் தன்மையைப் புரிந்துகொள்ள உதவும். வரலாற்றாசிரியர் ஷைலஜா பைக் தமாஷாப் பெண்களின் வாழ்வை சாதி, பாலியல், கண்ணியம் ஆகியவற்றின் ஊடாக விரிவாக ஆராய்ந்துள்ளார்.

மாங் சமூகத்தில் 1920இல் பிறந்த அண்ணாபாவ் சாட்டே, 1944இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் செங்கொடிக் கலைக்குழுவைத் தொடங்கி, தமாஷாவைத் தொழிலாளர் அரசியலின் மேடையாக மாற்றினார். லோகநாட்டியம் என்ற வடிவம் மதிப்புப் பெற்றதில் அவரது பங்கு தலையாயது. 1969இல் அவர் வறுமையில் இறந்தார். பின்னர் அவ்வடிவம் நகர நடுத்தர வகுப்பினரின் அரங்குகளில் வெற்றிநடை போட்டபோது, அதனைப் படைத்த சமூகங்களுக்குப் புகழும் பொருளும் உரிய அளவில் போய்ச் சேரவில்லை.

நிளூ புலே தலித் அல்லர், பிற்படுத்தப்பட்ட சமூகத்தவர். அவர் பெற்ற வாய்ப்பு தமாஷாக் கலைஞர் பலருக்கும் கிட்டாதது. இதனைக் குறிப்பிடுவது அவரைச் சிறுமைப்படுத்துவதற்கன்று. அவரது நடிப்பின் வேர் எந்த மண்ணிலிருந்து நீர் உண்டது என்பதைத் தெளிவாகச் சொல்வதற்கே.

1972: மேடையும் தெருவும்

லோகநாட்டியத்தில் அவரைக் கண்ட இயக்குநர் அனந்த் மானே 1968இல் 'ஏக் காவ் பாரா பான்கடி' படத்தில் அவரை அறிமுகப்படுத்தினார். ஆயினும் நடிகராக அவரது முழு ஆற்றலை உலகறியச் செய்தது 1972இல் மேடையேறிய 'சகாராம் பைண்டர்' நாடகம். எழுதியவர் விஜய் டெண்டுல்கர். இயக்கியவர் கமலாகர் சாரங். புத்தகம் கட்டும் தொழிலாளியான சகாராம், பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்து வீட்டை விட்டு ஓடியவன். கணவனால் கைவிடப்பட்ட பெண்களைத் தன் வீட்டில் குடியமர்த்தி, சோறும் துணியும் தந்து, அதற்கு ஈடாக அவர்களது உழைப்பையும் உடலையும் கோருபவன். திருமணம் என்ற புனிதப் போர்வையைக் கழற்றிவிட்டால் குடும்பத்தின் உள்ளே நிகழ்வதும் இதுவே என்று அந்நாடகம் உணர்த்தியது.

பண்பாட்டுக் காவலர்கள் கொதித்தெழுந்தனர். நாடகத் தணிக்கை வாரியம் தடை போட்டது. கமலாகர் சாரங் பம்பாய் உயர் நீதிமன்றத்தை நாடி வென்றார். அக்கொந்தளிப்பின் நடுவே, வன்மமும் கசப்பும் திடீரென வெளிப்படும் நேர்மையும் கலந்த அம்மனிதனை நிளூ புலே மேடையில் நிறுத்தினார்.

அதே 1972இல் மராட்டியத் தெருக்களில் நிகழ்ந்தவற்றையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டைச் சேர்ந்த எல். இளையபெருமாள் தலைமையிலான குழு, நாடு முழுவதும் தீண்டாமைக் கொடுமைகள் தொடர்வதை அம்பலப்படுத்தி அளித்த அறிக்கை ஏற்கெனவே நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டிருந்தது. மராட்டியத்தில் தலித் பெண்கள் ஆடை களையப்பட்டு இழிவுபடுத்தப்பட்ட செய்திகள் வந்தன. நாம்தேவ் தசால், ஜே. வி. பவார், ராஜா தாலே உள்ளிட்ட இளைஞர்கள் தலித் பேந்தர்ஸ் அமைப்பின் வழியே எழுந்து நின்றனர். ராஜா தாலேயின் புகழ்பெற்ற சுதந்திர தினக் கட்டுரை, சேவா தளச் சோசலிஸ்டுகளின் இதழான 'சாதனா'வில் வெளியாகிப் பெரும் புயலைக் கிளப்பியது. டாக்டர் பாபா ஆடாவ் 'ஒரே ஊர், ஒரே நீர்நிலை' என்னும் இயக்கத்தைத் தொடங்கியதும் அக்காலத்திலேயே. நிளூ புலே வாழ்ந்த அரசியல் சூழல் இது. அவரது வில்லன்கள் வெறும் கற்பனையிலிருந்து பிறந்தவர்கள் அல்லர்.

'சாம்னா': காணாமற்போன மாருதி காம்ப்ளே

ஜப்பார் பட்டேல் இயக்கி, விஜய் டெண்டுல்கர் எழுதிய 'சாம்னா' 1975இல் பெர்லின் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. இப்படத்தைப் புரிந்துகொள்ள மராட்டியச் சர்க்கரை அரசியலை அறிதல் வேண்டும். 1950இல் பிரவராநகரில் விட்டல்ராவ் விக்கே பாட்டீலின் முன்முயற்சியில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இயங்கத் தொடங்கியது. உழவர்கள் தாமே உரிமையாளர்களாகும் உயர்ந்த கனவு அது. காலப்போக்கில் ஆலை, வங்கி, பள்ளி, கல்லூரி, தேர்தல் ஆகிய யாவும் ஒரே குடும்பத்தின் கைக்குள் அடங்கும் போக்கு பல வட்டாரங்களில் வேரூன்றியது. நிலமுடைய மராத்தா சாதியினரே அதன் பெரும்பயனைப் பெற்றனர். நிலமற்ற தலித்துகளும் நாடோடிச் சமூகத்தினரும் கரும்பு வெட்டும் கூலிகளாகவே எஞ்சினர்.

'சாம்னா'வில் அத்தகைய ஆலைத் தலைவர் ஹிந்துராவ் தோண்டே பாட்டீலாக நிளூ புலே நடித்தார். அவரது ஊருக்கு, குடிப்பழக்கத்தால் சீரழிந்த முதிய ஆசிரியர் ஒருவர் வந்து சேர்கிறார். அவ்வேடத்தில் டாக்டர் ஸ்ரீராம் லாகு. ஹிந்துராவ் அவரை விரட்டவில்லை. வீட்டில் வைத்து உபசரிக்கிறார். ஊரில் எல்லாம் செழித்திருக்கின்றன. ஆனால் முன்னாள் படைவீரரான மாருதி காம்ப்ளே மட்டும் காணப்படவில்லை. மாருதி காம்ப்ளே என்ன ஆனார் என்று ஆசிரியர் கேட்கத் தொடங்குகிறார். அவ்வினா ஊரெங்கும் பரவி, இறுதியில் ஹிந்துராவின் அதிகாரத்தையே சரிக்கிறது.

நிளூ புலேயின் நடிப்பில் ஹிந்துராவ் கத்துவதில்லை, மீசையை முறுக்குவதில்லை. தாழ்ந்த, சற்றே கரகரத்த குரல். அளந்து பேசும் சொல். பாதி மூடிய கண்கள். எதிராளியின் பசியையும் பலவீனத்தையும் நன்கறிந்து பரிவுடன் நெருங்கும் பாங்கு. ஆதிக்கம் அன்பின் முகத்துடன் வரும்போதுதான் அது நிலைபெறுகிறது என்பதை அவரது நடிப்பு புலப்படுத்தியது. விருந்தோம்பலும் கொலையும் ஒரே கையிலிருந்து வரக்கூடும் என்பதைக் கிராமத்துத் தலித்துகளுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. நகரத்துப் பார்வையாளர்க்கு அதனைக் கற்பித்தது இந்நடிப்பு.

காம்ப்ளே என்பது மராட்டியத் தலித்துகளிடையே பரவலாக வழங்கும் குடும்பப்பெயர். படம் அச்சாதியை உரக்கச் சொல்லாவிடினும் பெயரே போதிய அளவு பேசுகிறது.

'சிம்மாசனம்': சாட்சியின் வீழ்ச்சி

1979இல் ஜப்பார் பட்டேல் இயக்கிய 'சிம்மாசனம்', அருண் சாதுவின் 'மும்பை தினாங்க்', 'சிம்மாசனம்' ஆகிய இரு புதினங்களைத் தழுவியது. முதலமைச்சர் பதவியைச் சுற்றிய சூழ்ச்சிகளைப் பேசும் இப்படத்தில் நிளூ புலே செய்தியாளர் திகு டிப்னிஸாக வந்தார். எல்லாவற்றையும் அறிந்தவர், எதையும் மாற்ற இயலாதவர். அரசியலின் அருவருப்பைத் தொடர்ந்து விழுங்கிய அம்மனிதர் இறுதியில் சித்தம் கலங்கி நகைக்கிறார். அதிகாரத்தின் உள்ளிருப்பவராக 'சாம்னா'வில் தோன்றியவர், அதன் வாயிலில் நின்று பார்ப்பவராக இதில் தோன்றினார். இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்கு அவரது வீச்சு விளங்கும்.

வில்லன் என்னும் கூண்டு

தேர்ந்த பாத்திரங்களுக்கு இடையே, வணிகப் படங்கள் அவரை ஒரே அச்சில் வார்க்கவே விரும்பின. வெள்ளை வேட்டி, தொப்பி, ஏழைப் பெண்ணைத் தன் வாடாவிற்கு, அதாவது பண்ணை மாளிகைக்கு, வரச் சொல்லும் அழைப்பு. பலகுரல் கலைஞர்கள் இவ்வழைப்பையே அவரது அடையாளமாக்கி நகைச்சுவைத் துணுக்காகப் பரப்பினர். இந்தியில் 'கூலி', 'மஷால்' போன்ற படங்களிலும் நடித்தார். மகேஷ் பட்டின் 'சாராம்ஷ்' படத்தில், மகனை இழந்த முதிய இணையரை அச்சுறுத்தும் அரசியல்வாதி கஜானன் சித்ரேயாக அவர் காட்டிய குளிர்ந்த கொடுமை மறக்கற்பாலதன்று.

ஊர்ப்புறப் பெண்கள் அவரை மெய்யாகவே கொடியவராக எண்ணி வெறுத்தனர், வசைபாடினர் என்பது மராத்தியில் பலராலும் சொல்லப்படும் செய்தி. நடிகரின் வெற்றிக்கு இதனைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். நாம் வேறொன்றையும் இதில் காண்கிறோம். வாடாவின் அழைப்பு அப்பெண்களுக்கு நகைச்சுவையாக இருந்ததில்லை. தங்கள் ஊரிலேயே அவர்கள் கேட்டறிந்த குரல் அது. அதே குரல் நகர மேடைகளில் கைதட்டலுக்குரிய துணுக்காக மாறியபோது, அவ்வழைப்பின் பின்னிருந்த பாலியல் வன்முறை மறக்கடிக்கப்பட்டது. பல படங்கள் அவ்வன்முறையைக் கதாநாயகன் தோன்றுவதற்கான காரணமாக மட்டும் பயன்படுத்தின. பாதிக்கப்பட்ட பெண்ணுக்குப் பெயரோ சாதியோ பேச்சோ பெரும்பாலும் தரப்படவில்லை.

மேடைக்கு வெளியே

திரையில் சுரண்டியவர், வெளியே சுரண்டலுக்கு எதிரான இயக்கங்களின் தோழராக வாழ்ந்தார். நண்பர் ஸ்ரீராம் லாகுவைப் போலவே பகுத்தறிவாளரான அவர், நரேந்திர தாபோல்கரின் மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்திற்குத் துணைநின்றார். அத்தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டதை நாம் அறிவோம்.

அவரது பங்களிப்புகளுள் செயற்பாட்டாளர்கள் கவனிக்க வேண்டியது 'சாமாஜிக் கிருதக்ஞதா நிதி', அதாவது சமூக நன்றிக்கடன் நிதி. முழுநேர ஊழியர்கள் இல்லாமல் இயக்கம் நிலைக்காது. அவ்வூழியர்களின் வீட்டு அடுப்பு எரியாவிட்டால் அவர்கள் நிலைக்க முடியாது. இத்தேவையை உணர்ந்து பாபா ஆடாவ், தாபோல்கர், லாகு முதலியோருடன் நிளூ புலேயும் இணைந்தார். ஆச்சார்ய ஆத்ரே எழுதிய 'லக்னாச்சி பேடி' நாடகத்தை ஊர் ஊராக நடத்தி, அவ்வருவாயைக் கொண்டு நிதி திரட்டினர். அதிலிருந்து செயற்பாட்டாளர்களுக்கு மாத உதவித்தொகை வழங்கப்பட்டது. 80 ரூபாய்ச் சம்பளத்தில் 10 ரூபாயை எடுத்து வைத்த தோட்டக்காரரின் பழக்கம், புகழ்பெற்ற பின்னரும் மாறவில்லை என்பதற்கு இது சான்று. நன்கொடை என்று சொல்லாமல் நன்றிக்கடன் என்று பெயரிட்டதில் ஓர் அரசியல் தெளிவு உண்டு. கொடுப்பவரை அது உயர்த்தவில்லை, பெறுபவரைத் தாழ்த்தவில்லை.

1991இல் சங்கீத நாடக அகாதமி விருது அவருக்கு வழங்கப்பட்டது. இறுதிக் காலத்தில், உழவர் தற்கொலைகள் சூழ்ந்த கிராமத்தைப் பேசும் 'கோஷ்ட் சோட்டி டோங்கராயேவடி' படத்திலும் நடித்தார்.

விடுபட்ட முகம்

நிளூ புலேயைப் போற்றும் மராத்தி எழுத்துகள் அவர் பாத்திரங்களின் இயல்புத்தன்மையை வியக்கின்றன. அவ்வியல்பு எங்கிருந்து வந்தது? அதிகாரத்தில் இருப்பவன் தன்னைத்தானே உற்று நோக்குவதில்லை. அவனது முகக்குறிப்பை நாள்தோறும் படித்தறிய வேண்டிய கட்டாயம் அவனிடம் கூலி வாங்குபவனுக்கே உண்டு. எசமான் எப்போது சிரிப்பான், எப்போது அடிப்பான் என்பதை அறிவது உழைக்கும் மக்களுக்கு உயிர்காக்கும் கல்வி. நிளூ புலேயின் கலை, அக்கல்வி நடிப்பாக மாறியதன் விளைவு என்று நாம் கருதுகிறோம். சோங்காட்யாவின் மரபு அவரிடம் நகைப்பை இழந்து கூர்மையைப் பெற்றது.

அதே வேளையில், அத்திரைப்பட மரபின் எல்லையையும் நாம் கூறியாக வேண்டும். 'சாம்னா'வில் ஹிந்துராவுக்கு முழு உருவம் உண்டு. கேள்வி கேட்கும் ஆசிரியருக்கும் மனச்சான்றின் போராட்டம் உண்டு. மாருதி காம்ப்ளே பிறர் நினைவுகளில் மட்டுமே வாழ்கிறார். ஒடுக்குபவரும் ஒடுக்கப்பட்டோர்க்காகப் பேசுபவரும் மோதும் களத்தில், ஒடுக்கப்பட்டவர் காணாமற்போனவராகவே இருக்கிறார். இது நடிகரின் குறை அன்று. கதையை எழுதும் இடத்திலும், படக்கருவியின் பின்னாலும் காம்ப்ளேக்கள் இல்லாத ஒரு துறையின் குறை.

அக்குறையை நீக்கும் பயணம் நீண்டது. ஜப்பார் பட்டேலே பின்னர் மம்மூட்டியைக் கொண்டு 'டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்' படத்தை எடுத்தார். தலித் சமூகத்திலிருந்து வந்த நாகராஜ் மஞ்சுளே 2013இல் 'ஃபன்றி' படத்தை அளித்தபோது, பன்றி பிடிக்கும் குடும்பத்துச் சிறுவன் ஜாப்யா எறிந்த கல் பார்வையாளரை நோக்கியே வந்தது. காம்ப்ளே என்ன ஆனார் என்று பிறர் கேட்ட நிலை மாறி, எங்களுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று காம்ப்ளேயின் வழித்தோன்றல்களே கேட்கும் நிலை உருவாயிற்று.

கல்லூரிகளில் திரைப்பட வாசிப்பு வட்டம் நடத்தும் மாணவர்கள் 'சாம்னா', 'சிம்மாசனம்', 'ஃபன்றி' ஆகிய மூன்றையும் இவ்வரிசையில் பார்த்து விவாதிக்கலாம் என்பது நம் பரிந்துரை. ஒவ்வொரு படத்திலும் மூன்று வினாக்களை எழுப்புக: யாருக்குப் பெயர் உண்டு? யாருக்குப் பேச்சு உண்டு? யார் இறந்த பின்னரே கதைக்குள் வருகிறார்? தமிழ்த் திரையின் பண்ணையார்களையும் நாட்டாமைகளையும் இதே வினாக்களைக் கொண்டு அளந்து பார்க்கலாம். வாடாவின் முகத்தை நமக்குத் துல்லியமாகக் காட்டிச் சென்றவர் நிளூ புலே. மாருதி காம்ப்ளேயின் முகத்தைக் காட்டும் பொறுப்பு, இப்போது எழுதவும் நடிக்கவும் இயக்கவும் வரும் தலைமுறையினுடையது.